அச்சு போட்ட காளை: ஓங்கோலில் இருந்து பிரேசில் வரை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஒரு திட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். என் அவ்வா என்னைத் திட்டுன திட்டு.

எங்க அப்பா வழிக் குடும்பம் கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு கிராமம். வீட்டுக்குள்ள தெலுங்கு, வெளிய தமிழ். லீவுக்குப் போனா காலையில கிளம்பி ஊரைச் சுத்திட்டு மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவேன். வாசல்ல நின்னுகிட்டு அவ்வா கத்துவாங்க: "அச்சோசின ஆம்போது!" எனக்கு அதோட அர்த்தம் தெரியாது. திட்டுன்னு மட்டும் தெரியும். சிரிச்சுகிட்டே கைகழுவப் போயிடுவேன்.

பல வருஷம் கழிச்சு, இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் அந்த வார்த்தை திரும்ப வந்து நின்னுச்சு. ஆம்போது என்றால் பொலிகாளை. அச்சோசின என்றால் அச்சு போட்ட, அதாவது சூடு வெச்சு முத்திரை குத்தின. நம்ம தமிழ்ல "கோயில் காளை மாதிரி சுத்துறான்"னு சொல்றோம் இல்லையா, அதேதான். யாரும் கட்டாத, யாரும் கேள்வி கேட்காத, ஊரே சோறு போடுற காளை.

அந்தத் திட்டுக்குப் பின்னாடி ஒரு ஊரோட பல தலைமுறை வேலை இருக்கு. அந்த வேலையோட பலன் இன்னைக்கு உலகத்தோட இன்னொரு மூலையில கோடிக்கணக்கான மாடுகளா நிக்குது. அந்த ஊர்ல அதே மாடு குறைஞ்சுகிட்டே வருது. ஊர் பேரு ஓங்கோல்.

ரயில்ல தாண்டிப் போற ஊர்

சென்னை சென்ட்ரல்ல இருந்து விஜயவாடா பக்கம் போற ரயில்ல ஏறியிருந்தா ஓங்கோலை நீங்க தாண்டியிருப்பீங்க. கூடூர், நெல்லூர், காவலி, சிங்கராயகொண்டா, அப்புறம் ஓங்கோல். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஆந்திரக் கடலோர மாவட்டமான பிரகாசத்தோட தலைநகரம். வங்கக் கடல் அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர்ல, கொத்தபட்டணத்துல இருக்கு. ஊரைச் சுத்தி கரிசல் மண். நல்லமலைக் காட்டுல பிறந்து வர்ற குண்டலகம்மா ஆறு இந்தப் பகுதியிலதான் கடல்ல கலக்குது.

இந்த ஊர் பேரைத் தாங்கின மாட்டைப் பார்த்திருக்கீங்களா? வெள்ளை வெளேர்னு இருக்கும். பெரிய திமில். கழுத்துக்குக் கீழ மடிப்பு மடிப்பா தொங்குற அலைதாடி. அந்த உடம்புக்குப் பொருந்தாத மாதிரி குட்டையான, மொத்தையான கொம்பு. கண்ணைச் சுத்தி மை தீட்டின மாதிரி கறுப்பு. காளைன்னா தலையிலயும் கழுத்திலயும் திமில்லயும் சாம்பல் நிறம் ஏறியிருக்கும். நல்லா வளர்ந்த காளை அரை டன் எடையைத் தாண்டும். சிவன் கோயில் நந்திக்கு உயிர் வந்து எழுந்து நின்னா எப்படி இருக்கும்னு கேட்டா, அந்த ஊர்க்காரங்க இதைத்தான் கைகாட்டுவாங்க.

2002ல ஹைதராபாத்துல நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்கு சின்னமா வெச்சது 'வீரா'ங்கற ஒரு ஓங்கோல் காளையை. அப்போ ஆந்திரா தெலங்கானா பிரியல. ஒரு முழு மாநிலத்தோட அடையாளமா ஒரு மாடு நின்னுச்சு.

இந்த மாட்டை யார் உருவாக்கினாங்க?

"நாட்டு மாடு"ன்னு சொல்லும்போது நம்ம மனசுல ஒரு படம் வரும். ஏதோ காட்டுல தானா முளைச்ச மாதிரி, இயற்கை கொடுத்த மாதிரி. அது தப்பு. ஒரு மாட்டினம் என்பது மனுஷங்க செய்த பொருள். எந்தக் காளை எந்தப் பசுவோட சேரணும், எந்தக் கன்னை வெச்சுக்கணும், எதை விக்கணும்னு யாரோ தலைமுறை தலைமுறையா முடிவெடுத்ததோட மொத்தக் கூட்டல்தான் அது.

ஓங்கோல் விஷயத்துல அந்த முடிவை எடுத்தது ராஜாவோ ஜமீனோ இல்ல. மந்தையா ஓட்டிகிட்டு ஊர் ஊரா போற மேய்ச்சல்காரங்களும் இல்ல. பெரும்பாலும் சாதாரண விவசாயிகள். வீட்டுக்கு ரெண்டு மூணு பசு. சோளம் போட்டு, சோளத்தட்டை வெட்டிப் போட்டு, வீட்டு வாசல்லயே கட்டி வளர்த்தாங்க.

அவங்களுக்கு என்ன தேவை? கரிசல் மண்ணை உழணும். மழை பெஞ்சா அந்த மண்ணு காலைப் பிடிச்சு இழுக்கும், காஞ்சா பாறையாகும். அதுல ஏர் இழுக்கவும், பாரம் ஏத்தின வண்டியை இழுக்கவும் பெரிய உடம்பு வேணும். அந்தப் பெரிய உடம்பு கோடை வெயிலைத் தாங்கணும். காஞ்ச தட்டையைத் தின்னு பிழைக்கணும். மேல சொன்ன அழகெல்லாம் இந்தத் தேவையில இருந்து வந்ததுதான். வெள்ளை முடி வெயிலைத் திருப்பி அனுப்பும். அதுக்கு அடியில இருக்கற கறுத்த தோல் சூரியக் கதிரைத் தாங்கும். தொளதொளன்னு தொங்குற தோலும் அலைதாடியும் உடம்புச் சூட்டை வெளியேத்த உதவும்.

ரெண்டு மூணு பசு வெச்சிருக்கற விவசாயிக்கு ஒரு பெரிய பிரச்சினை இருக்கு. நல்ல பொலிகாளையைத் தனியா வெச்சு வளர்க்க அவரால முடியாது. அது உழாது, பால் தராது, தின்னுகிட்டே இருக்கும். அப்போ என்ன பண்றது?

இங்கதான் என் அவ்வாவோட திட்டு வருது.

ஊர்ல வசதியான ஒருத்தர் இறந்துட்டா, அவர் நினைவா ஒரு காளைக்கன்னை சிவன் பேருக்கு நேர்ந்து விடுவாங்க. இல்லன்னா ஊரே பணம் போட்டு வாங்கும். இதுல முக்கியமான விஷயம், ஏதோ ஒரு கன்னை விட்டுட முடியாது. மாடு தெரிஞ்ச பெரியவங்க பார்த்து, இருக்கறதுலயே நல்லதா ஒண்ணைப் பொறுக்குவாங்க. அதுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பாங்க. அதுதான் அச்சு. அதுக்கப்புறம் அந்தக் காளைக்கு மூக்கணாங்கயிறு கிடையாது, நுகத்தடி கிடையாது. எந்தக் கொல்லையில மேஞ்சாலும் யாரும் அடிக்கக் கூடாது. ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் பொலிகாளை.

யோசிச்சுப் பாருங்க. வெளியில இருந்து பார்த்தா இது ஒரு சடங்கு. உள்ள இருந்து பார்த்தா இது ஊர் சேர்ந்து நடத்துற இனவிருத்தித் திட்டம். காளை யாருக்கும் சொந்தம் இல்ல, அதனால எல்லாருக்கும் சொந்தம். அஞ்சு ஏக்கர்காரரோட பசுவுக்கும் ஐம்பது ஏக்கர்காரரோட பசுவுக்கும் ஒரே தரமான கன்னு. பதிவேடு இல்ல, சான்றிதழ் இல்ல. நெருப்புல காய்ச்சின ஒரு இரும்புதான் கையெழுத்து.

கப்பல் ஏறின ஜோடி

இப்போ அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போவோம். 19ஆம் நூற்றாண்டு பிரேசில். போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த ஐரோப்பிய மாடுகள்தான் அங்க இருந்துச்சு. அந்த வெயில்லயும் உண்ணிக்கடியிலயும் காஞ்ச புல்லுலயும் அதுங்க திணறுச்சு.

பிரேசில் மாடு வளர்ப்பாளர்கள் சொல்ற கதை இது. 1868ல இங்கிலாந்துக்குப் போற ஒரு கப்பல் பாயியா மாகாணத்து சால்வடார் துறைமுகத்துல நிக்குது. அதுல நம்ம பக்கத்து மாடு ஒரு ஜோடி. அந்த ஜோடியை அங்கேயே வித்துட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு, 1878ல, ரியோ டி ஜெனிரோ பகுதியைச் சேர்ந்த மனோயல் உபெல்ஹார்ட் லெம்க்ரூபர் என்பவர் இன்னொரு ஜோடி வாங்குறார். எங்க இருந்து தெரியுமா? ஜெர்மனியில, ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையில இருந்து! நம்ம ஊர் உழவு மாட்டை ஐரோப்பாவுல சிங்கம் புலி பக்கத்துல வெச்சுக் காட்டிகிட்டு இருந்திருக்காங்க. அவர் பேர்ல 'லெம்க்ரூபர்'னு ஒரு வம்சாவளியே இன்னைக்கும் பிரேசில்ல இருக்கு.

அந்த மாடுகளுக்கு அங்க வெச்ச பேர் 'நெலோர்'. ஆமா, நம்ம நெல்லூர்தான். ஏன் ஓங்கோல்னு வைக்கல? காரணம் ரொம்ப சாதாரணமானது. அப்போ ஓங்கோல் மெட்ராஸ் மாகாணத்துல நெல்லூர் மாவட்டத்துக்குள்ள ஒரு தாலுகா. வெளிநாட்டு வியாபாரத்துல மாவட்டத்தோட பேர்தான் ஒட்டிக்கிச்சு. 1904ல குண்டூர் மாவட்டம் உருவானப்போ ஓங்கோல் அதுக்குள்ள போயிடுச்சு. 1970ல ஓங்கோலைத் தலைநகரா வெச்சே தனி மாவட்டம் வந்துச்சு. 1972ல அதுக்கு டங்குடூரி பிரகாசம் பேரை வெச்சாங்க. மெட்ராஸ் மாகாணத்துக்கும் பிறகு ஆந்திர மாநிலத்துக்கும் முதல்வரா இருந்த அதே பிரகாசம்தான். வரைபடம் மூணு தடவை மாறிடுச்சு. பிரேசில் மாட்டு மேல மட்டும் பழைய வரைபடம் அப்படியே இருக்கு.

இந்தோனேசியாவுல கதை வேற. அங்க டச்சுக்காரங்க 20ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல இதே மாட்டை சும்பா தீவுக்குக் கொண்டுபோனாங்க. இன்னைக்கும் அங்க 'சும்பா ஓங்கோல்', ஜாவாவுல 'பெரனாகன் ஓங்கோல்'னுதான் சொல்றாங்க. பிரேசில்காரங்க மாவட்டத்தை எடுத்துகிட்டாங்க, இந்தோனேசியாக்காரங்க ஊரை எடுத்துகிட்டாங்க.

அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் 'பிராமன்'னு ஒரு பெரிய திமில் மாட்டினம் இருக்கு. குஜராத்தோட காங்ரெஜ், கிர், கிருஷ்ணா சமவெளி மாடு, ஓங்கோல், இந்த நாலும் கலந்து உருவாக்கினது அது.

ஒரு கொள்ளைநோய்

19ஆம் நூற்றாண்டோட கடைசியில உபெராபா என்ற ஊரைச் சுத்தி இருந்த பண்ணைக்காரங்க நேரா இந்தியாவுக்கே ஆள் அனுப்ப ஆரம்பிச்சாங்க. கப்பல் கப்பலா மாடு போச்சு. ஓங்கோல் மட்டும் இல்ல, கிர், காங்ரெஜ் எல்லாம்.

1920ல ஒரு விபரீதம். இந்தியாவுல இருந்து பிரேசிலுக்குப் போற திமில் மாடுகளை பெல்ஜியத்தோட ஆண்ட்வெர்ப் துறைமுகத்துல இறக்கி ஏத்தினாங்க. அது மூலமா ரிண்டர்பெஸ்ட் பெல்ஜியத்துக்குள்ள புகுந்துடுச்சு. நம்ம ஊர்ல வெக்கை நோய்னு சொல்லுவாங்க. மந்தை மந்தையா மாட்டைக் கொல்ற நோய். ஐரோப்பா அதிர்ந்து போச்சு. அதோட விளைவா 1924 ஜனவரி 25ஆம் தேதி பாரிஸ்ல 28 நாடுகள் கையெழுத்துப் போட்டு, விலங்கு நோய்களைக் கண்காணிக்க ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கினாங்க. இன்னைக்கு உலக விலங்கு நல அமைப்புன்னு நீங்க செய்தியில கேக்கறது அதோட வாரிசுதான். பறவைக் காய்ச்சல் வந்தா எல்லா நாடும் அறிக்கை அனுப்புதே, அந்த ஏற்பாட்டோட வேர் இந்த மாட்டுப் பயணத்துல இருக்கு. 2011ல வெக்கை நோயை உலகத்துல இருந்தே ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் முழுசா ஒழிச்ச ரெண்டாவது நோய் அது.

பயந்துபோன பிரேசில் ரொம்ப காலம் கதவைச் சாத்தி வெச்சிருந்துச்சு. கடைசிப் பெரிய இறக்குமதி 1960களோட தொடக்கத்துல. 1962ல போன மாடுகளை நேரா ஊருக்குள்ள விடல. பெர்னாண்டோ டி நொரோன்யா தீவுல தனிமைப்படுத்தி வெச்சு, நோய் இல்லன்னு உறுதியான பிறகுதான் கரைக்கு ஏத்தினாங்க.

அந்தக் கடைசிக் கூட்டத்துல ஒரு காளை. பேர் கர்வாடி. ஓங்கோல் ஸ்டேஷனை விட்டு ரயில் வடக்கே கிளம்பினதும் வர்ற சின்ன ஸ்டேஷன் கரவடி. அந்தக் கிராமத்தோட பேர்தான் அந்தக் காளைக்கு. இன்னைக்கு பிரேசில்ல ஒரு உயர்ந்த நெலோர் மாட்டோட வம்சாவளிக் காகிதத்தை எடுத்துப் பின்னாடி போனீங்கன்னா, திரும்பத் திரும்ப அந்தப் பேர் வரும். நம்ம எக்ஸ்பிரஸ் ரயில் நிக்காமப் போற ஒரு ஊர்!

மொத்தம் போனது சில ஆயிரம் திமில் மாடுகள்தான். அதுல இருந்து இன்னைக்கு பிரேசில்ல 20 கோடிக்கும் மேல மாடுகள். அதுல மிகப் பெரும்பான்மை திமில் உள்ளது, அதுலயும் பெரும்பங்கு நெலோர் அல்லது நெலோர் கலப்பு.

இது எப்படி சாத்தியம்? கொண்டுபோனதுல காளைகளை அங்க ஏற்கனவே இருந்த ஐரோப்பிய வழிப் பசுக்களோட சேர்த்தாங்க. பிறந்த கிடேரியைத் திரும்ப நெலோர் காளையோட. அதோட கிடேரியைத் திரும்ப. நாலஞ்சு தலைமுறையில பார்க்க முழு நெலோர் வந்துடும். இதை மரபணு ஆய்வுகளும் காட்டுது. தாய்வழியா மட்டும் கடத்தப்படுற மரபணுவைப் பார்த்தா, பிரேசில் நெலோர் மாடுகள்ல பெரும்பகுதிக்கு அது ஐரோப்பிய வகை. அப்பா ஓங்கோல், ஆதி அம்மா போர்ச்சுகல்.

அவங்க இன்னொண்ணும் செஞ்சாங்க. எழுதி வெச்சாங்க. 1938ல இருந்து அதிகாரபூர்வ வம்சாவளிப் பதிவேடு. எந்த மாடு, யார் அப்பா, யார் அம்மா, எந்த வயசுல எவ்வளவு எடை, எல்லாம் காகிதத்துல. என் அவ்வா ஊர்ல இரும்பு முத்திரை செய்த வேலையை அங்க பதிவேடு செஞ்சுச்சு. வித்தியாசம் என்னன்னா, முத்திரை அந்தக் காளை சாகும்போது அதோட போயிடும். பதிவேடு இருக்கும்.

நாற்பது கோடி ரூபாய்

2025 தொடக்கத்துல உங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்திருக்கும்: "40 கோடி ரூபாய்க்கு ஏலம் போன நெல்லூர் பசு!" அதோட பேர் வியாட்டினா-19. எடை சுமார் 1,100 கிலோ. கின்னஸ் சாதனை. செய்தி உண்மைதான், ஆனா ரெண்டு திருத்தம். அந்த ஏலம் நடந்தது 2023ல. அப்புறம் அந்தப் பசுவை யாரும் முழுசா வாங்கல. மூணுல ஒரு பங்கைத்தான் வாங்கினாங்க, ஏறக்குறைய 70 லட்சம் ரியாலுக்கு. ரியால்னா பிரேசில் பணம். அதை வெச்சுக் கணக்குப் போட்டா முழுப் பசுவோட மதிப்பு 2.1 கோடி ரியால், அதாவது 43 லட்சம் டாலர். மாட்டுக்குப் பங்குதாரர்கள்!

இவ்வளவு பணம் பாலுக்கோ கறிக்கோ இல்ல. அதோட கருமுட்டைக்கு. முட்டையை எடுத்து, ஆய்வுக்கூடத்துல கருவாக்கி, வேற பசுக்கள் வயித்துல வெச்சுக் கன்னு எடுத்து விக்கறாங்க.

எனக்கு இதைப் படிக்கும்போது ஒண்ணு தோணுச்சு. அங்கயும் ஒரு மாட்டைப் பல பேர் சேர்ந்து வெச்சிருக்காங்க, இங்கயும் பல பேர் சேர்ந்து வெச்சிருந்தாங்க. அங்க பங்கு வாங்கினவங்களுக்கு மட்டும்தான் கன்னு. இங்க பசு வெச்சிருந்த எல்லாருக்கும் கன்னு.

இந்த வெற்றியோட மறுபக்கத்தையும் சொல்லணும். இங்க நந்தின்னு கும்பிடுற மாடு அங்க இறைச்சிக்காக வளருது. பிரேசில் உலகத்துலயே பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதியாளர்கள்ல ஒண்ணு. அமேசான் காடு அழியறதுக்குப் பெரிய காரணம் மேய்ச்சல் நிலம். காட்டை வெட்டி, ஆப்பிரிக்காவுல இருந்து வந்த புல்லை விதைச்சு, அதுல நம்ம மாட்டை விட்டிருக்காங்க. "பாருங்க, நம்ம மாடு உலகத்தையே ஜெயிச்சிடுச்சு"ன்னு பெருமைப்படறதுக்கு முன்னாடி இந்தப் படத்தையும் ஒரு நிமிஷம் பார்க்கணும். மாடு மேல தப்பு இல்ல. எந்த வெயிலையும் எந்தக் காஞ்ச புல்லையும் தாங்குற மாதிரி அதைச் செய்ததே நாமதான்.

இங்க என்ன ஆச்சு?

அங்க கோடிகள்ல பெருகின மாடு இங்க ஏன் குறைஞ்சுச்சு? "வெள்ளைக்காரன் திருடிட்டான்"ங்கற பதில் வாட்ஸ்அப்புக்கு வசதி. ஆனா சில ஆயிரம் மாடு வெளிய போனதால ஒரு இனம் அழியாது. காரணம் எல்லாம் உள்ளூர்லதான்.

முதல்ல நிலம். 1967ல நாகார்ஜுனசாகர் அணை திறந்துச்சு. அதோட வலது கால்வாய் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களுக்குத் தண்ணி கொண்டுவந்துச்சு. சோளம் விளைஞ்ச பல இடம் நெல்லுக்கும் பருத்திக்கும் மாறுச்சு. அதுக்கு முன்னாடியே வர்ஜினியா புகையிலை வந்து உக்காந்துடுச்சு. இன்னைக்கும் ஓங்கோல் ஒரு பெரிய புகையிலைச் சந்தை. புகையிலையை மாடு திங்காது. சோளம் போச்சுன்னா சோளத்தட்டு போச்சு. மேய்ச்சல் புறம்போக்கும் வயலா மாறிடுச்சு. நேர்ந்து விட்ட காளை சுத்தி வர ஊர்ல இடமே இல்ல.

ரெண்டாவது டிராக்டர். ஓங்கோல் மாட்டோட மதிப்பே அதோட இழுவையிலதான் இருந்துச்சு. டிராக்டர் வந்த அன்னைக்கு அந்த மதிப்பு விழுந்துடுச்சு.

மூணாவது பால். 1970ல வெண்மைப் புரட்சி தொடங்கினப்போ கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு மாடு எத்தனை லிட்டர் கறக்கும்? ஓங்கோலை அந்தக் கேள்விக்காக யாருமே வளர்க்கல. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் சினை ஊசி ஊருக்குள்ள வந்துச்சு. ஆந்திராவுல எருமைப் பால் வேற. கடன் கட்டணும், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்னு நிக்கற விவசாயி அதிகம் கறக்கற மாட்டை எடுத்ததுல எந்தத் துரோகமும் இல்ல. நீங்களும் நானும் அந்த இடத்துல அதைத்தான் செஞ்சிருப்போம்.

எங்க வீட்டுக் கதையும் இதேதான். தாத்தாகிட்ட ஒரு ஜோடி ஓங்கோல் எருது இருந்துச்சு. நெல்லூர்ப் பக்கத்துத் தரகர் ஒருத்தர்கிட்ட வாங்கினது. அப்பா பத்தாவது படிக்கும்போது பக்கத்து ஊர்ல வாடகை டிராக்டர் வந்துடுச்சு. ஒரு நாள் உழவு அரை மணி நேரத்துல முடிஞ்சுச்சு. அடுத்த வருஷம் ஜோடியைச் சந்தைக்கு ஓட்டிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தாத்தா சாப்பிடலன்னு அப்பா சொல்லுவார். ஆனா மறுநாளும் டிராக்டரைத்தான் கூப்பிட்டாராம்.

இப்போ இருக்கற முயற்சிகளையும் சொல்லிடறேன். குண்டூர் பக்கம் லாம் என்ற இடத்துல இருக்கற கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஓங்கோல் இனத்துக்காகவே வேலை செய்யுது. நெல்லூர் மாவட்டம் சிந்தலதேவியில மத்திய அரசோட தேசிய காமதேனு இனவிருத்தி மையம் இருக்கு. அப்புறம், யாரும் எதிர்பார்க்காத இன்னொரு காப்பாளர் இருக்கு: விளையாட்டு. சங்கராந்தி சமயத்துல ஆந்திர கிராமங்கள்ல கல் இழுக்கற போட்டி நடக்கும். 'பண்டலாகுடு'ன்னு சொல்லுவாங்க. ஒரு பெரிய கருங்கல்லை ஜோடி எருது குறிப்பிட்ட நேரத்துல எவ்வளவு தூரம் இழுக்குதுன்னு பார்க்கறது. உழவுல வேலை போன மாட்டுக்கு அந்தப் போட்டி ஒரு வேலை கொடுத்திருக்கு. ஜல்லிக்கட்டு பத்தி 2017ல நாம போட்ட சண்டையில "போட்டி இல்லன்னா காளை இல்ல"ன்னு ஒரு வாதம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அதே வாதம் இங்கயும் இருக்கு. மாட்டைத் துன்புறுத்தறாங்கங்கற அதே எதிர்வாதமும் இருக்கு.

யாருக்குச் சொந்தம்?

1992ல ரியோ டி ஜெனிரோவுல நடந்த மாநாட்டுல பல்லுயிர் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்துச்சு. ஒரு நாட்டோட உயிரினங்கள் மேல அந்த நாட்டுக்கு உரிமை உண்டு, வெளியில எடுத்துட்டுப் போய்ச் சம்பாதிச்சா பங்கு தரணும்னு சொல்ற ஒப்பந்தம். அது 1993 கடைசியில அமலுக்கு வந்துச்சு. கர்வாடி கப்பல் ஏறி முப்பது வருஷம் ஆகியிருந்துச்சு. அதனால அந்தக் கணக்குல ஓங்கோலுக்கு எதுவும் வராது. அந்த மாட்டை யாரும் திருடவும் இல்ல. காசு கொடுத்துதான் வாங்கிட்டுப் போனாங்க.

ஆனா ஒண்ணு என்னை உறுத்துது. காளையை வித்தவருக்கு விலை கிடைச்சுது. அந்தக் காளையை அப்படிச் செதுக்கின ஊருக்கு? கன்னைப் பொறுக்கின பெரியவங்களுக்கு, தன் கொல்லையில மேஞ்சப்போ கல்லை எடுத்து எறியாம விட்ட விவசாயிக்கு, தட்டு வெட்டிப் போட்ட பெண்களுக்கு? அவங்க பேர் எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. பிரேசில் பதிவேட்டோட முதல் வரி கப்பல்ல இருந்து இறங்கின மாட்டுல ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இருந்த அத்தனை தலைமுறையும் ஒரு ஊர்ப் பேருக்குள்ள அடங்கிடுச்சு. அந்த ஊர்ப் பேரையும் மாவட்டம் தின்னுடுச்சு.

போன மாசம் விஜயவாடா போற ரயில்ல ஜன்னல் ஓரம் கிடைச்சுது. ஓங்கோல் ஸ்டேஷன் தாண்டினதும் போனை வெச்சுட்டு வெளிய பார்த்துகிட்டே இருந்தேன். கரவடி பலகை வந்துச்சு, போச்சு. பத்து செகண்ட். தூரத்துல வயல் ஓரமா நாலஞ்சு எருமை, ஒரு ஜெர்சி கலப்பு. வெள்ளை மாடு எதுவும் கண்ணுல படல. ரயில் ஜன்னல் ஒரு கணக்கெடுப்பு இல்லதான். ஆனாலும் தேடினேன்.

திரும்பி வந்து அவ்வாவுக்குப் போன் பண்ணினேன். "அவ்வா, அச்சோசின ஆம்போதுன்னு திட்டுவீங்களே, அந்தக் காளையை நீங்க பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "பாக்காம என்ன? எங்க அம்மா வீட்டுல வாசலுக்கே வரும். ஒரு முறம் தவிடு வெக்காம போகாது"ன்னாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசல. "யாராவது விரட்டினா எங்க நாயனா அடிக்க வருவாரு. அது ஊரோடது இல்லையா"ன்னாங்க.

'ஊரோடது'. எனக்கு அந்த வார்த்தை போதும்னு தோணுது.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க. மாட்டை வெச்சு அவங்க திட்டுற திட்டு, பாராட்டுற பாராட்டு, மாட்டுக்கு வெச்ச பேர் எதுவா இருந்தாலும் ஒரு வாய்ஸ் நோட்டா பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அதுல ஒவ்வொண்ணும் யாரும் எழுதி வைக்காத ஒரு பதிவேட்டோட ஒரு வரி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.